சுண்ணாம்பு பூசிய கூரை

சௌக்
பிப்ரவரி 24

அன்புள்ள எய் மோன்,

நீயும் நம் குட்டிப் பன்னுவும் நல்லபடியாகக் கலோ போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். மலை ஏறும்போது அவள் வாந்தி எடுத்தாளா? ஜன்னல் பக்கம் உட்கார வைத்தாயா? ஊர் முழுக்கப் போன் இன்னும் செத்துத்தான் கிடக்கிறது. எப்போது உயிர் வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் உங்களை ஏற்றிச் சென்ற அதே பஸ் டிரைவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். "பொண்டாட்டிக்கா? அப்ப ஒட்டாமக் குடுங்க, வழியில படிச்சுட்டுப் போறேன்" என்றார். அழுத்தி ஒட்டித்தான் கொடுக்கிறேன்.

இங்கே நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். அப்பா வாயோடும் இருக்கிறார். நீங்கள் போன அன்று சாயங்காலம் நான் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் கேட்டார்.

"உன் பொண்டாட்டி எங்கடா?"

"அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா அப்பா. காலையில உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனா."

"வெயிலுக்குப் பயந்து ஓடிட்டாளா? எண்ணெய்க் கிணத்துல நடு வெயில்ல நின்னு வேலை பாத்தவன் நான். நான் ஓடினேனா?"

சாப்பிட்டு முடித்ததும் பார்த்தால், பன்னுவின் சின்னப் பாயைச் சுருட்டித் தன் கட்டிலுக்கு அடியில் பத்திரமாகத் தள்ளி வைத்திருக்கிறார். "எலி கடிச்சுடும்" என்றார்.

எய் மோன், பஸ் கிளம்பும்போது நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அப்பாவா, நாங்களா?" என்றாய். இடுப்பு உடைந்தவரை அந்த மலைப் பாதையில் எப்படிக் கூட்டி வருவது? போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போக சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றியபோதே வலியில் மயங்கிப் போனதை நீயே பார்த்தாய். எண்ணெய்க் கிணற்றில் சாரத்தைப் பிடித்துக்கொண்டு உயரத்தில் நின்றவர் இப்போது தடி பிடித்துக் கொல்லைக்குப் போய் வருகிறார். அவ்வளவுதான் நடை.

பன்னுவுக்குத் தனக்கா கட்டையைச் சந்தனம்போல் அரைத்து முகத்தில் பூசிவிடு. அங்கே வெயில் இல்லை என்று விட்டுவிடாதே. உன் கட்டைத்தான் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய், இதோடு அனுப்புகிறேன்.

சோ தெயின்


கலோ
மார்ச் 3

அன்புள்ள கோ சோ,

கடிதமும் தனக்கா கட்டையும் கிடைத்தன. டிரைவர் உறையைப் பிரிக்கவில்லை, சரிபார்த்துவிட்டேன். பன்னு நன்றாக இருக்கிறாள். வழியில் வாந்தி எடுத்தது அவள் இல்லை, நான்.

இங்கே காலையில் பனி இறங்குகிறது. அக்கா பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பன்னு கோழியைத் துரத்துகிறாள். கழுத்தில் இருந்த வேர்க்குரு எல்லாம் உதிர்ந்துவிட்டது. தாத்தாவின் தடி போல ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைக்கிறாள். அதைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

நான் கோபத்தில் வரவில்லை, பயத்தில் வந்தேன். போன ஏப்ரலில் அவளுக்குக் கண் மேலே செருகிக் கை கால் இழுத்துக்கொண்டபோது நீங்கள் கடையில் இருந்தீர்கள். நான்தான் கையில் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ஷ்வே மீ அக்கா ஓடி வந்து மாட்டுத் தொட்டித் தண்ணீரை அப்படியே அவள் மேல் கவிழ்த்திருக்காவிட்டால் இன்றைக்குக் கோழி துரத்த ஆள் இருந்திருக்காது. டாக்டர் "வீட்டைக் குளிர்ச்சியா வெச்சுக்கங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார். எதை வைத்து என்று அவர் சொல்லவில்லை. கரண்ட் வந்தால்தானே விசிறி சுற்றும்?

இங்கே பள்ளிக்கூடத்தில் ஏப்ரல் கடைசிக்குள் பேர் கொடுத்தால் ஜூனில் பன்னுவைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று அக்கா சொல்கிறாள். அக்காவின் ஸ்ட்ராபெரி ஜாம் வேலையில் எனக்கும் இடம் இருக்கிறதாம். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தகரத்துக்குக் கீழே மறுபடி அவளைப் படுக்கவைக்க மாட்டேன். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மாமாவுக்கு மோர்போல் கரைத்த கஞ்சி கொடுங்கள். மத்தியானம் சாப்பிடவில்லை என்றால் திட்டுங்கள். திட்டினால்தான் சாப்பிடுவார்.

எய் மோன்


சௌக்
மார்ச் 11

அன்புள்ள எய் மோன்,

நீ எழுதியதைப் படித்தேன். "எதை வைத்து" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதைப் பற்றி இத்தனை நாள் நான் உட்கார்ந்து யோசித்ததே இல்லை. வெயில் என்றால் வெயில், ஏப்ரல் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

முதலில் தோன்றியது ஓலைதான். தகரத்தைக் கழற்றிவிட்டுப் பனையோலை வேய்ந்துவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். தடியைத் தூக்கிவிட்டார். உனக்குத் தெரியும், நான் குழந்தையாக இருந்தபோது எங்கள் ஓலை வீடு ஒரு சித்திரை வெயிலில் பற்றி எரிந்தது. அம்மா என்னை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினாள். அப்பாவின் தங்கையால் ஓட முடியவில்லை. அதற்கப்புறம்தான் கிணற்று வேலையில் சேர்த்து வைத்ததை எல்லாம் போட்டு இந்தத் தகரத்தை வாங்கினார். "ஓலைக்குக் கீழ நான் படுக்க மாட்டேன். என்னைப் பொணமாத் தூக்கிட்டு அப்புறம் வேஞ்சுக்க" என்றார். வார்டு தலைவரிடம் கேட்டால் அவரும், மழை வரும்வரை யாரும் புதிதாக ஓலை போடக் கூடாது என்கிறார். தீ பயம். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது.

அடுத்து, சாக்குகளை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து சுமந்து ஊற்றினேன். முதலில் சில்லென்று இருந்தது. நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் உள்ளே ஒரே புழுக்கம். அப்பா சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏன்டா, மோஹிங்கா குழம்புக்கு மீன் வேகவெக்கிற மாதிரி என்னை வேகவெக்கிறியே, எலுமிச்சம்பழம் பிழிஞ்சுட்டியா?"

சாக்கை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. வெயில் இன்னும் ஏறவே இல்லை, இது வெறும் மார்ச்.

பேர் கொடுப்பது பற்றி நீ என்ன முடிவு செய்தாலும் எழுது. நானாக ஊகித்துக்கொள்ள வேண்டிய நிலையில் வைக்காதே.

சோ தெயின்


கலோ
மார்ச் 17

அன்புள்ள கோ சோ,

மாமா சொன்னதை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு உங்கள் வீட்டு மனுஷர்களைப் பிடிக்காது, ஆனாலும் சிரித்துவிட்டாள்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நீங்கள் அந்த வீட்டில் பகலில் இருந்ததே இல்லை. நான் இருந்திருக்கிறேன். மத்தியானம் பன்னுவோடு சிமெண்டுத் தரையில் படுத்திருப்பேன். தரையில் படுத்தால் ஓரளவு தாங்கலாம். எழுந்து நின்றால் முகத்தில் அனல் அடிக்கும். கொடியில் துணி எடுக்கக் கையைத் தூக்கினால் அடுப்புக்கு மேலே கை நீட்டுவது போல இருக்கும். சூடெல்லாம் மேலே போய் நிற்கிறது, வெளியே போக வழி இல்லை. முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் முக்கோணமாகப் பலகை வைத்து அடைத்திருக்கிறதே, புறா வருகிறது என்று மாமா அடைத்தது. அதைப் பிரித்துப் பாருங்கள். சாக்குத் தண்ணீர் ஆவியாகிப் புழுங்கியதும் அதனால்தான் இருக்கும். காற்று ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் போனால்தானே ஈரம் குளிர்ச்சியாகும்? பானைத் தண்ணீரை நாம் காற்றோட்டமான இடத்தில்தானே வைக்கிறோம்.

இதைச் சொல்வதால் நான் வருகிறேன் என்று அர்த்தம் இல்லை. மாமாவுக்காகச் சொல்கிறேன்.

பன்னு ராத்திரி இருமுகிறாள், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போல. பயப்பட ஒன்றும் இல்லை. பனைவெல்லம் கேட்டு அழுகிறாள். இங்கே கிடைப்பது நம் ஊர்ப் பனைவெல்லம் மாதிரி இல்லை, துப்பிவிடுகிறாள். டிரைவரிடம் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள்.

எய் மோன்


சௌக்
மார்ச் 27

அன்புள்ள எய் மோன்,

பனைவெல்லம் அனுப்பியிருக்கிறேன். டிரைவர் வழியில் இரண்டு உருண்டை எடுத்துக்கொள்வார், அது அவர் கூலி.

நீ சொன்னது சரி. முக்கோணப் பலகைகளை இரண்டு பக்கமும் பிரித்தேன். புறா வராமல் இருக்க மூங்கில் சிம்பைக் குறுக்கும் நெடுக்குமாக முடைந்து வைத்தேன். ஏணியில் நின்று முதல் பலகையைப் பெயர்த்தபோது அங்கிருந்து வந்த அனல் என் புருவத்தைச் சுட்டது. நீங்கள் இரண்டு பேரும் இதற்குக் கீழேதான் போன வருஷம் இருந்தீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஏணியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நடந்ததைக் கேள். முந்தாநாள் மத்தியானம் சாப்பாடு கொடுக்க வீட்டுக்கு வந்தால் அப்பாவைக் காணோம். கட்டில் காலி, தடியும் இல்லை. கொல்லையில் இல்லை. வறண்ட கிணற்றை எட்டிப் பார்த்தேன். தெருவில் போய்க் கத்தினேன். ஷ்வே மீ அக்கா வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தவள், தலையைக்கூடத் தூக்காமல் பின்பக்கம் கையைக் காட்டினாள்.

அவளுடைய மாட்டுக் கொட்டகையில், பசுவுக்குப் பக்கத்தில் வைக்கோலைப் பரப்பி அப்பா படுத்திருக்கிறார். மேலே பழைய ஓலைக் கூரை, நாலு பக்கமும் திறப்பு, காற்று சுகமாக வருகிறது.

"அப்பா, இங்க என்ன பண்றீங்க?"

"மாட்டைப் பாக்க வந்தேன்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"மாடு ஒண்ணும் சொல்லலை. உனக்கு என்னடா?"

ஷ்வே மீ அக்கா முறத்தோடு வந்து நின்றாள். "பெரியவர் மானம் போகக் கூடாதுன்னு இவ்வளவு நாளா நான் வாயைத் திறக்கலை. தினமும் வர்றாரு. என் மாட்டு நிழல்ல பாதியை எடுத்துக்கிட்டு, போறப்ப சாணி நாறுதுன்னு குறை வேற."

"நாறுதுதான்" என்றார் அப்பா.

"ஓலைக்குக் கீழ பொணமாத்தான் படுப்பேன்னு சொன்னீங்களே அப்பா?"

அவர் முகத்தைப் பசுவின் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கும் கேட்டிருக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது. அவர் இடுப்போடு அவ்வளவு தூரம் தடியை ஊன்றி வந்திருக்கிறார் என்றால் உள்ளே எப்படித் தவித்திருக்க வேண்டும். ஒரு நாளும் சூடாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. தூக்கிக்கொண்டு வரும்போது என் காதோரமாகச் சொன்னார்: "தகரத்தைக் கழட்டக் கூடாது. அதுக்கு மேல நீ என்ன பண்ணாலும் எனக்குக் கண்ணு தெரியாது."

பௌர்ணமி அன்று புத்தர் கோயிலுக்குப் போயிருந்தேன். மத்தியானம், செருப்பில்லாத கால். சிமெண்டுத் தளம் அடுப்புத் தட்டு மாதிரி கொதிக்கிறது. எல்லோரும் எப்படி நடந்தார்கள் தெரியுமா? நடுவில் வெள்ளை அடித்த ஒரு பாதை இருக்கிறதே, அதிலேயே வரிசையாக, ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு. வெள்ளையில் கால் சுடவில்லை. அதே சிமெண்டு, அதே வெயில். அதில் நின்றுகொண்டு நான் கும்பிட மறந்துபோய் நம் கூரையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோ தெயின்


கலோ
ஏப்ரல் 2

அன்புள்ள கோ சோ,

மாட்டுக் கொட்டகைக் கதையைப் படித்து அக்கா உள்ளே இருந்து ஓடி வரும் அளவுக்குச் சிரித்தேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. மாமா தவிக்கிறார் என்று எனக்குத் தெரியாது. என்னைத் திட்டுவதற்கு மட்டும்தான் வாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளை அடிப்பதானால் வெறும் சுண்ணாம்பு தகரத்தில் பிடிக்காது, உதிர்ந்துவிடும். கொஞ்சம் உப்பும், சோறு கொதித்த கெட்டிக் கஞ்சியும் சேர்த்துக் கலக்குங்கள். அக்கா வீட்டுக்காரர் மடத்துச் சுவருக்கு அப்படித்தான் கலக்குவாராம். முதலில் தகரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். நடு வெயிலில் மேலே ஏறாதீர்கள், காலையில் வெயில் வருவதற்குள் இறங்கிவிடுங்கள். விழுந்து நீங்களும் இடுப்பை உடைத்துக்கொண்டால் ஷ்வே மீ அக்காவின் கொட்டகையில் இரண்டு பேருக்கு இடம் இல்லை.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். என்னை வரவழைப்பதற்காக இல்லாததை இருப்பதாக எழுத மாட்டீர்களே? நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் ஆசைப்பட்டால் வெயில்கூட நிழலாகத் தெரியும்.

எய் மோன்


சௌக்
ஏப்ரல் 11

அன்புள்ள எய் மோன்,

உண்மையைத்தான் எழுதுகிறேன். பிடிக்காததையும் சேர்த்து.

சுண்ணாம்பு வாங்கப் போனேன். வெற்றிலைக் கடைக்காரன் "கல்யாணமா?" என்று கேட்டான். கூரைக்கு என்றதும் கடையில் இருந்தவர்கள் எல்லாம் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். நீ சொன்னபடி உப்பும் கஞ்சியும் கலந்தேன். மேலே ஏறிப் பூசும்போது அப்பா கீழிருந்து சத்தம் போட்டார். "வீட்டையே வெத்தலைல மடிச்சு வாயில போட்டுக்கப் போறியா? பாக்கு எங்கடா?" கண் தெரியாது என்றவர் சரியாக விட்டுப்போன இடத்தைக் காட்டினார்: "அந்த மூலையில பூசலை பாரு."

முதல் பூச்சு அழகாக வந்தது. இரண்டாவது பூச்சு கட்டி கட்டியாகிவிட்டது, கஞ்சி அதிகம். காக்கைகள் வந்து கொத்துகின்றன. எதிர்வீட்டுக்காரர் கண் கூசுகிறது என்று சண்டைக்கு வந்தார். மழை வந்தால் பாதி கரைந்து போகும், அடுத்த வருஷம் மறுபடி பூச வேண்டும். இது எல்லாம் பிடிக்காதது.

பிறகு தகரத்துக்குக் கீழே, கைக்கு எட்டும் உயரத்தில் மூங்கில் தட்டியைக் குறுக்கே கட்டினேன். தீ பிடிக்காமல் இருக்கத் தட்டியின் மேல்பக்கம் மண்ணும் சாணியும் குழைத்துப் பூசிவிட்டேன். தகரத்துக்கும் தட்டிக்கும் நடுவே காற்று ஒரு முக்கோணத்தில் நுழைந்து இன்னொன்றில் போகிறது. சாணி கொடுத்தது ஷ்வே மீ அக்கா. "உங்கப்பா படுத்த இடத்துச் சாணி, மரியாதையாப் பூசு" என்று சொல்லிக் கொடுத்தாள்.

இனி நல்லது. புத்தர் மாடத்து மெழுகுவத்தி ஒவ்வொரு ஏப்ரலிலும் மத்தியானத்தில் வளைந்து தலை குனிந்து நிற்குமே, நீ தினமும் நிமிர்த்தி வைப்பாய். இந்த வாரம் நாலு நாளாக ஏற்றாமல் வைத்துப் பார்க்கிறேன். நேராக நிற்கிறது. தகரத்தில் இப்போது கை வைக்க முடிகிறது. ஈரச் சாக்கை மறுபடி காற்று வரும் ஜன்னலில் கட்டினேன், இந்தத் தடவை குளிர்ந்த காற்று வருகிறது. அப்பா கொட்டகைக்குப் போவதில்லை. மாடு ஏங்குகிறது என்று ஷ்வே மீ அக்கா சொல்கிறாள்.

ஆனால் கலோ மாதிரி இல்லை எய் மோன். வியர்க்கிறது. வெயில் வெயில்தான். மூச்சு முட்டவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். வா என்று எழுத ஆசை. அதனால்தான் எழுதவில்லை.

சோ தெயின்


கலோ
ஏப்ரல் 18

அன்புள்ள கோ சோ,

திஞ்சான் தண்ணீர்த் திருவிழா வந்து போனது. பன்னு தெருவில் போகிற எல்லோர் மேலும் தண்ணீர் ஊற்றினாள். குளிரில் உதடு நீலமாகிவிட்டது, ஆனாலும் உள்ளே வர மாட்டேன் என்றாள்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நேராகவே எழுதிவிடுகிறேன். நேற்று பள்ளிக்கூடத்தில் அவள் பேரைக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். ஒரு வார்த்தையையும் நான் சந்தேகப்படவில்லை. ஆனால் மெழுகுவத்தி நிற்கிறது என்பதை நம்பி என் பிள்ளையைக் கூட்டி வர எனக்குத் தைரியம் வரவில்லை. கடிதத்தை மூடி வைத்தால் அவள் கண் மேலே செருகியதுதான் தெரிகிறது. நீங்கள் கஷ்டப்பட்டுச் செய்ததை எல்லாம் நான் ஒன்றுமில்லை என்று சொன்னதாக நினைக்க வேண்டாம். நினைத்தாலும் நான் என்ன செய்ய முடியும்.

திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

எய் மோன்


சௌக்
ஏப்ரல் 24

அன்புள்ள எய் மோன்,

பேர் கொடுத்தது நல்லதுதான். அவள் படிக்க வேண்டும், மூச்சுவிட வேண்டும். இரண்டும் எங்கே நடக்கிறதோ அங்கே இருக்கட்டும். நான் திட்டவில்லை. அப்பா திட்டினார், ஆனால் உன்னை இல்லை, என்னை. "நீ போய்க் கூட்டிட்டு வராம கடுதாசி எழுதிக்கிட்டு இருக்கியே, நீ என்ன தபால் ஆபீஸா?"

இந்த வாரம் வெயில் எப்படி என்று பஸ் டிரைவர் சொல்லியிருப்பார். தார் உருகி அவர் டயரில் ஒட்டியது. கரண்ட் சுத்தமாக இல்லை. மேலத்தெருவில் இரண்டு வயதானவர்கள் போய்விட்டார்கள். திங்கட்கிழமை மத்தியானம் கடையை மூடிவிட்டு ஓடி வந்தேன், அப்பாவுக்கு என்ன ஆனதோ என்று. வாசலில் பத்துப் பதினைந்து செருப்பு கிடக்கிறது. செருப்பு அத்தனை கிடந்தால் வீட்டில் வேறு என்ன நடந்திருக்கும் என்று நினைப்பேன்?

உள்ளே போனால் தெருப் பெண்கள் பிள்ளைகளோடு தரை நிறையப் படுத்திருக்கிறார்கள். கண் கூசுகிறது என்று சண்டை போட்டவரின் மருமகள், பிறந்து பத்து நாள்கூட ஆகாத குழந்தையோடு ஈரச் சாக்குக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிறாள். நடுவில் அப்பா கட்டிலில் உட்கார்ந்து விரலை வாயில் வைத்து "சத்தம் போடாதடா, தூங்குறாங்க" என்கிறார். அன்று அவர் தட்டில் சோறு மிச்சம் இல்லை.

அந்த மருமகள் பக்கமாக விஷயம் பரவி, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மருத்துவச்சி அம்மா ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் பிரசவம் பார்க்கும் அறையும் தகரம்தான். நாளைக் காலைப் படகில் போகிறேன். இரண்டு மூன்று நாள் ஆகும். சுண்ணாம்பும் மூங்கிலும் அங்கேயே இருக்கிறதாம். அப்பாவுக்கு ஷ்வே மீ அக்கா சோறு கொடுப்பாள்.

பன்னுவுக்குச் சிலேட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன், உடையாமல் வர வேண்டும்.

சோ தெயின்


சௌக், நம் வீடு
ஏப்ரல் 26

அன்புள்ள கோ சோ,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பன்னு நன்றாக இருக்கிறாள், அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். உங்கள் கடிதத்தைக் கொடுத்த அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இல்லாத நாள் என்று தெரிந்துதான் வந்தேன். நீங்கள் எதிரே நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், சூடாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அப்புறம் அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட வேண்டும்.

காலையில் கதவைத் தள்ளியதும் மாமா கேட்டார்.

"யாரு?"

"நான்தான் மாமா."

"பிள்ளை எங்க?"

"அக்காகிட்ட."

"அப்ப நீ மட்டும் எதுக்கு வந்தே?"

"வீட்டைப் பாக்க வந்தேன்."

"பாரு. காசா பணமா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே, "அந்த ஜன்னல் ஓரம் காத்து நல்லா வரும். அது என் இடம். இன்னிக்கு நீ படுத்துக்க" என்றார்.

நான் படுக்க வரவில்லை, குறை கண்டுபிடிக்க வந்தேன். சொல்கிறேன் கேளுங்கள். மேல்தட்டியிலிருந்து மண் உதிர்ந்து தண்ணீர்ப் பானையில் விழுகிறது, கீழே ஒரு துணி கட்ட வேண்டும். மேற்கு முக்கோணத்தில் சிம்பு பெயர்ந்து ஒரு புறா உள்ளே வந்துவிட்டது. உங்கள் இரண்டாவது பூச்சு பார்க்கவே சகிக்கவில்லை, கூரைக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. மேற்குச் சுவருக்கு நிழலே இல்லை, பின்மத்தியானம் அந்தச் சுவர் சுடப் போகிறது, ஒரு சுரைக்கொடியாவது ஏற்றியிருக்கலாம். பதினோரு மணிக்கு எனக்கு வியர்த்தது. நீங்கள் எழுதியபடிதான் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இப்போது தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. வெளியே பார்த்தால் கண் வலிக்கிறது. பிள்ளைகளோடு பெண்கள் வந்து படுத்திருக்கிறார்கள், யாரும் என்னைக் கேட்கக்கூட இல்லை, அவர்கள் வீடு மாதிரி வருகிறார்கள். ஆகவே நான் யோசித்து வைத்ததைச் சொல்லிவிடுகிறேன். பன்னு இந்த வருஷம் கலோவிலேயே படிக்கட்டும், நான் மாதம் ஒரு முறை வந்து மாமாவைப் பார்த்துவிட்டுப் போகிறேன், நீங்களும் மழைக் காலத்தில் வந்தால் அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள், நாம் ஒன்றும் பிரிந்துவிட்டதாக

கோ சோ, தூங்கிவிட்டேன்.

மேலே அந்த வரி எப்படிக் கோணலாக இழுத்துக்கொண்டு போகிறது பாருங்கள். பேனாவைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். எழுந்தபோது பெண்கள் எல்லாம் போய்விட்டார்கள். யாரோ என் தலைக்குக் கீழே பன்னுவின் பாயைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள்.

உங்களிடம் சொல்லாத ஒன்று. போன ஏப்ரலிலிருந்து நான் பகலில் கண் மூடியதே இல்லை. கலோவிலும் இல்லை. பன்னு தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் குளிரில், போர்த்திக்கொண்டு. அக்கா கேட்டால் தூக்கம் வரவில்லை என்பேன். அது தூக்கம் வராமல் இல்லை, பயம் போகாமல். அந்தப் பயத்தை எந்த மலைக்கும் கொண்டு போகலாம் என்று எனக்கு இன்றைக்குத்தான் புரிந்தது. இந்த வீட்டில், இந்த மாதத்தில், நடு மத்தியானத்தில் என் உடம்பு என்னைக் கேட்காமலே தூங்கிவிட்டது. நான் என்ன முடிவு செய்வது?

மேற்குச் சுவர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தேன். சுடுகிறது. சுரைக்கொடி வளரும்வரை ஒரு தட்டி சாய்த்துவையுங்கள்.

நாளைக் காலை பஸ்ஸில் போய்ப் பன்னுவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் பேரை எடுத்துவிட்டு, இங்கே கொடுத்துக்கொள்ளலாம். அக்கா கத்துவாள். கத்தட்டும், அவள் அன்பு அப்படி. அவளையும் இரண்டு நாள் இருந்து பார்க்கக் கூட்டி வரப் பார்க்கிறேன். பன்னுவுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டாலும் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போவேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் இனி அது ஓடிப்போவதாக இருக்காது.

மருத்துவச்சி அம்மாவின் அறையில் இரண்டாவது பூச்சுக்குக் கஞ்சியைக் குறைத்துக் கலக்குங்கள். அவசரப்பட வேண்டாம், முடித்துவிட்டே வாருங்கள். அங்கே பிறக்கப் போகிற பிள்ளைகளுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள்.

அக்கரைக்குப் போகிற கடைசிப் படகு கிளம்புகிறதாம், ஷ்வே மீ அக்கா வாசலில் நின்று அவசரப்படுத்துகிறாள். மாமா இன்னும் தூங்குகிறார். எழுப்பவில்லை.

உங்கள்
எய் மோன்